ஓடுபவன் எடுத்துச்செல்வது எது?

(வீதி விபத்தும் சாரதியின் கடமையும் என்னும் பொருள் பற்றித் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, துறைமுகத் தொழிலாளத் தோழர்களே, லொறியும் பேருந்தும் முச்சக்கரவண்டியும் ஓட்டிப் பிழைக்கும் தம்பிமார்களே!

அரசியல் மேடை என்றால் ஆட்சி, உரிமை, தேர்தல் என்பனவே பேசப்படும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாம் பேச வந்திருப்பது வீதியைப் பற்றி. வீதியில் ஒரு மனிதனை மோதிவிட்டு, திரும்பியும் பாராமல் ஓடிவிடும் வண்டியைப் பற்றி. இதுவும் உரிமைப் பிரச்சினைதான் என்பதை இவ்வுரை முடியுமுன் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

திருகோணமலை துறைமுகத்தால் வாழும் ஊர். சீனக்குடாவின் மாவாலையிலிருந்தும் சீமெந்தாலையிலிருந்தும் எண்ணெய்க் குதங்களிலிருந்தும் பாரமேற்றிய வண்டிகள் இரவு பகலாகப் புறப்படுகின்றன. தம்பலகாமம், கந்தளாய் வழியே ஹபரணைக்கு ஒரு வீதி. ஹொரவப்பொத்தானை வழியே அநுராதபுரத்துக்கு ஒரு வீதி. நிலாவெளி, குச்சவெளி கடந்து புல்மோட்டைக்கு ஒரு வீதி. கிண்ணியா, மூதூர், வெருகல் வழியே மட்டக்களப்புக்கு ஒரு வீதி. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதிகள் தார் மெழுகி வழவழப்பாயின. நல்லதே. ஆனால் வீதி மாறிய வேகத்தில் வீதியோரத்து வாழ்க்கை மாறவில்லை. விடியுமுன் கரைவலைக்குச் செல்லும் கடற்றொழிலாளி அதே வீதியில்தான் நடக்கிறான். விளக்கில்லாத சைக்கிளில் வயலுக்குச் செல்லும் விவசாயியும், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், மேய்ச்சல் முடித்துத் தார்ச் சூட்டில் படுத்துறங்கும் மாடும் அதே வீதியில்தான் இருக்கின்றன. ஆள் நடமாட்டமற்ற அந்த இருட்டில் ஒரு மோதல் நிகழ்ந்தால் கண்டவர் எவருமில்லை என்ற துணிவு சாரதிக்கு வந்துவிடுகிறது. அந்தத் துணிவே அவனை ஓட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? முதலில் அதைத் தெளிவாக அறிந்துகொள்வோம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதிக்குச் சில கடமைகளை விதிக்கிறது. வண்டியை நிறுத்து, அடிபட்டவனுக்கு உதவு, உன் பெயரையும் முகவரியையும் சொல், பொலிசாருக்கு அறிவி. இவையே அக்கடமைகளின் சாரம். இவற்றைச் செய்யாது விடுவது தனியொரு குற்றம். “தனியொரு” என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். மோதல் எவர் பிழையால் நிகழ்ந்தது என்பது ஒரு கேள்வி. மோதியபின் நின்றாயா, ஓடினாயா என்பது வேறொரு கேள்வி. குறுக்கே பாய்ந்தவன் மீது மோதியமையால் முதற் கேள்வியில் குற்றமற்றவனாய் விடுதலை பெறத்தக்க சாரதிகூட, ஓடியதனால் இரண்டாம் கேள்வியில் குற்றவாளி ஆகிறான். பிழை செய்தும் நின்றவன் ஒரு குற்றத்துக்கே விடை சொல்ல வேண்டும். பிழை செய்து ஓடியவனோ இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டும்.

மரணம் நேர்ந்துவிட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு முன்வருகிறது. அசட்டுத்துணிவாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தவனுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அக்கோவை 1883இல் பிறந்தது. அன்று இந்நாட்டில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே ஓடின. மோட்டார் வண்டி வந்தபின் அது போதாதென்றுதான் மோட்டார் வாகனச் சட்டம் வேறாக எழுந்தது.

ஓடியவன் ஓடியதோடு நில்லாமல் உடைந்த விளக்கை மாற்றுகிறான், இரத்தக்கறையைக் கழுவுகிறான், “வண்டியை ஓட்டியவன் நானல்லன், அவன்” என்று ஏழையொருவனைக் காட்டுகிறான். குற்றத்தின் சான்றை மறைப்பதும், குற்றவாளியைக் காக்கப் பொய்த்தகவல் தருவதும் தண்டனைச் சட்டக்கோவையில் வேறு குற்றங்கள். தெரிந்துகொண்டே அந்த விளக்கை மாற்றிக் கொடுக்கும் கராச்சுக்காரரும், முதலாளிக்காகப் பழியை ஏற்கும் வேலைக்காரரும் அவ்வலையில் சிக்குவர் என்பதை உணர வேண்டும். 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் சம்பவத்துக்குப் பிந்திய நடத்தையையும் நீதிமன்றம் கவனிக்க அனுமதிக்கிறது. ஓட்டம் ஒன்றே பிழைக்குச் சான்றாகிவிடாது; அச்சத்தால் ஓடியவனும் உண்டு. ஆயினும் ஏன் ஓடினாய் என்று நீதவான் கேட்கும்போது விடை சொல்வது எளிதன்று.

இதுவரை ஓடியவனுக்கு என்ன நேரும் என்று சொன்னோம். இனி அவனால் விழுந்தவனுக்கு என்ன நேருகிறது என்று பார்ப்போம்.

ஓடுபவன் இரண்டு பொருள்களை எடுத்துச்செல்கிறான். முதலாவது, நேரம். இரத்தம் ஒழுகக் கிடப்பவனுக்கு நிமிடங்களே உயிர். மோதியவன் நின்று, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமில்லா அம்புலன்ஸ் வண்டி வரும். தன் வண்டியிலேயே ஏற்றிச் சென்றாலும் வைத்தியசாலை அடையலாம். அவன் ஓடிவிட்டால் அடுத்த மனிதன் அவ்வழியே வரும்வரை விழுந்தவன் கிடக்கவேண்டியதுதான்.

இரண்டாவது, பெயர். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்நாட்டில் வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வீதியில் போனவன் மாண்டாலோ காயமுற்றாலோ நட்டஈட்டுக்கு வழி இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் காப்புறுதிப் பத்திரம் வண்டிக்கு உரியது. வண்டியின் இலக்கம் தெரியாவிட்டால் எந்தக் கம்பனியின் கதவைத் தட்டுவது? எவர்மீது வழக்கிடுவது? எமது நாட்டில் நிலவும் உரோம டச்சுச் சட்டம், உழைத்துக் காத்தவன் கவனயீனத்தால் கொல்லப்பட்டால் அவனைத் தங்கி வாழ்ந்த மனைவி மக்கள் நட்டஈடு கேட்க உரிமை தருகிறது. வேலை நேரத்தில் வேலையாள் செய்த பிழைக்கு முதலாளியும் பொறுப்பாவார். அரசாங்க வண்டியாயினும் இராணுவ வண்டியாயினும் விதிவிலக்கில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசின்மீதும் வழக்கிடலாம். எனினும் இத்தனை உரிமைகளும் ஒரு பெயரில், ஓர் இலக்கத் தகட்டில் தொங்குகின்றன. ஓடுபவன் அந்தப் பெயரைத் தன்னோடு கொண்டுபோகிறான். விதவையின் வழக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் அவன் தன் வண்டியில் ஏற்றிச் செல்கிறான் என்றால் அது மிகையாகாது.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று: நட்டஈட்டு வழக்கை இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும் என்று காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. “நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் வழக்கு நடக்கிறது, அது முடியட்டும்” என்று காத்திருந்து காத்திருந்து உரிமையை இழந்த குடும்பங்கள் உண்டு. பொலிஸ் வழக்கு வேறு, மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் போடவேண்டிய வழக்கு வேறு. ஒன்று தவணைமேல் தவணை போவதால் மற்றதன் கடிகாரம் நிற்பதில்லை. அரசின்மீது வழக்கிடுவதாயின் ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். இரண்டு: “உங்கள் ஆளின் சைக்கிளில் விளக்கில்லை, ஆகையால் ஒன்றும் கிடையாது” என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபுறமும் பிழை இருந்தால் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையுமேயன்றி முற்றாக இல்லாமற் போகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. பணமில்லாதோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. வண்டி எதுவெனவே தெரியாமற் போனாலும் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் வாயிலையும் தட்டிப் பாருங்கள், வாளாவிருந்து விடாதீர்கள்.

செல்வமும் செல்வாக்கும் உள்ளவன் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு அயல்நாட்டு வழக்கொன்று சான்று. 1999 ஜனவரி 10ஆம் நாள் அதிகாலை தில்லி லோதி வீதிப் பகுதியில் விலையுயர்ந்த காரொன்று மனிதர்கள்மீது மோதியது. ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் காவற்றுறையினர். ஓட்டியவர் சஞ்சீவ் நந்தா, முன்னாள் கடற்படைத் தளபதியொருவரின் பேரன். கார் நிற்கவில்லை. வீதியில் சொட்டிக்கிடந்த எண்ணெய்த் தடத்தைப் பின்பற்றிச் சென்ற பொலிசார் ஒரு மாளிகை வாயிலில் அந்தக் கார் கழுவப்படுவதைக் கண்டனர். அதன்பின் சாட்சிகள் பிறழ்ந்தனர். எதிரித்தரப்பில் வாதாடிய மூத்த சட்டத்தரணியொருவர் சாட்சியைக் கலைக்க முயன்றமை 2007இல் தொலைக்காட்சியில் அம்பலமாகி, நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியாக அவர் காணப்பட்டார். அத்தீர்ப்பை 2009இல் இந்திய உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சட்டத்தொழில் புரிவோராகிய நாம் அந்நிகழ்ச்சியை வெட்கத்தோடு நினைவுகூர்கிறோம்.

இறுதியாக 2012 ஆகஸ்ட் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வெறும் கவனயீனமன்று, மரணம் விளையும் என்ற அறிவோடு செய்த குற்றம் என்றது. ஏற்கெனவே கழித்த இரண்டாண்டுச் சிறையோடு சிறைத்தண்டனையை நிறுத்தி, ஐம்பது இலட்சம் ரூபாய் செலுத்துமாறும் ஈராண்டு சமூகசேவை செய்யுமாறும் கட்டளையிட்டது. அந்தப் பணம், மோதியவர் யாரெனத் தெரியாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டது. தண்டனை போதுமா, போதாதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. அந்தக் காரைக் காட்டிக்கொடுத்தது வீதியில் சொட்டிய எண்ணெய். எல்லா வண்டியும் எண்ணெய் சொட்டிக்கொண்டு ஓடாது. மனிதர் வாய் திறந்தாலன்றி மற்ற வண்டிகள் அகப்படமாட்டா.

அப்படியாயின் தண்டனையைக் கூட்டினால் போதுமே என்பீர்கள். இந்தியா அதையும் செய்து பார்த்தது. 2023இல் இயற்றிய புதிய தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில், கவனயீனமாய் ஓட்டி மரணம் விளைவித்து, பொலிசாருக்கோ நீதவானுக்கோ அறிவிக்காமல் ஓடும் சாரதிக்குப் பத்தாண்டு வரை சிறை என்று ஓர் உட்பிரிவு எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் லொறிச் சாரதிகள் நாடெங்கும் வேலையை நிறுத்தினர். எண்ணெய் நிலையங்களில் வரிசை நீண்டது. 2024 ஜூலை 1ஆம் நாள் அச்சட்டம் அமுலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

அச்சாரதிகள் சொன்னது என்ன? “நின்றால் கூட்டம் எங்களை அடித்துக் கொல்லும், ஓடினால் பத்தாண்டு சிறை. நாங்கள் எங்கே போவது?” இக்கேள்வியை ஏளனமாக ஒதுக்கிவிட எம்மால் இயலாது. சாரதிகளும் தொழிலாளர்களே. இரண்டு நாள் உறங்காமல் ஓட்டென்று முதலாளி விரட்ட ஓட்டுபவர்கள். எமது ஊர்களிலும் விபத்து நடந்த இடத்தில் வண்டிக்குத் தீ வைப்பதும், சாரதியை இழுத்துப் போட்டு உதைப்பதும் நடக்கவில்லையா? சாரதியின் பெயரைக் கேட்டதும் அவன் தமிழனா, முஸ்லிமா, சிங்களவனா என்று ஆராய்ந்து, ஒரு மோதலை ஓரினத்தின் பகையாக ஆக்கத் துணிபவர்கள் இல்லையா? மூவினமும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் அது எத்தகைய நெருப்பென்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகையால் ஓங்கிய கையோரிடம் ஒன்று சொல்கிறோம். நின்றவனை நீங்கள் அடித்தால், அந்த அடி அவனோடு முடிவதில்லை. நாளை வேறெங்கோ மோதப்போகும் இன்னொரு சாரதி இதைக் கேள்விப்படுகிறான். நிற்பதா ஓடுவதா என்று தீர்மானிக்கும் அந்தக் கணத்தில் அவன் கால் வேகமிதியை அழுத்துகிறது. இன்று நீங்கள் அடித்த அடிக்கு நாளை உங்கள் பிள்ளையே வீதியில் கிடந்து விலை கொடுக்க நேரலாம். அடிப்பது குற்றமும் ஆகும். விழுந்தவனுக்காகப் பேச எழுந்த வழக்கில் அடித்தவனும் எதிரியாய் நிற்க நேரும்.

சாரதித் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்கிறோம். உயிருக்கு ஆபத்தென்று மெய்யாகவே கண்டால், ஓடி ஒளிய வேண்டாம். நேரே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள். செல்லும்போதே 1990க்கும் 119க்கும் அறிவியுங்கள். பொலிஸ் நிலையத்தை நோக்கிப் போனவனையும் வீட்டை நோக்கிப் போனவனையும் எந்த நீதவானும் ஒன்றாகக் கருதமாட்டார். சட்டம் உங்களிடம் கேட்பது வீரமன்று. பெயரைச் சொல்லும் நேர்மை மட்டுமே.

பசுவின் கன்றைத் தேர்க்காலில் இட்ட இளவரசனின் கதையை அறியாத தமிழர் இல்லை. திருவாரூரில் மனுநீதிச் சோழனைப் பற்றிச் சொல்லப்படும் அக்கதையை மகாவம்சம் அநுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளனைப் பற்றிச் சொல்கிறது. தமிழர் போற்றும் நீதியைச் சிங்கள நாட்டு வரலாற்று நூலும் போற்றியிருக்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இன்று எவரும் வேண்டவில்லை. ஆனால் அக்கதையில் நாம் மறந்துவிடும் ஒரு பொருள் உண்டு. அதுதான் ஆராய்ச்சி மணி. வாயில்லாப் பசுவுக்கும் எட்டும் உயரத்தில் ஒரு மணி தொங்கியது. இழுத்தால் அரசன் செவியில் விழுந்தது. இன்று அந்த மணி பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகம். அது எமது மக்களுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா?

இங்கேதான் இது உரிமைப் பிரச்சினை ஆகிறது. அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. நீதிமன்ற மொழியும் அதுவே. தாளில் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் கணவனைப் பறிகொடுத்து நிலையத்துக்கு வரும் பெண்ணின் சொல்லைத் தமிழில் எழுதுவதற்கு அங்கே ஆள் இருக்கிறாரா? அவள் சொன்னது ஒன்று, எழுதப்பட்டது வேறொன்று, கையொப்பம் இட்டது விளங்காத ஒன்றில் என்றால், “வெள்ளை லொறி” என்று அவள் சொன்னது ஏட்டில் வெறும் “வாகனம்” ஆகிவிட்டால், வழக்கு அன்றே செத்துவிடுகிறது. மொழியுரிமை ஏட்டு விவகாரமன்று. இறந்தவனுக்கு நீதி கிடைக்குமா என்பது சிலவேளை ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். எழுதிக் கொடுக்க நாம் இருக்கிறோம்.

சாட்சி சொல்லப் பயப்படுவோரின் பயத்தையும் நாம் அறிவோம். “எனக்கேன் வம்பு, கோட்டுக்கும் கச்சேரிக்கும் யார் அலைவது” என்று ஒதுங்குகிறோம். நீண்ட போர் எமது மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கண்டதைக் காணாதது போல் இருப்பதே. அந்தப் பாடம் அன்று உயிரைக் காத்திருக்கலாம். இன்று அதே மௌனம் ஓடும் வண்டிக்கு மறைப்பாகிறது. சாட்சிகளைக் காக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இன்று நிற்கிறது. சாட்சியை அச்சுறுத்துவது அச்சட்டத்தின்கீழ்க் குற்றம். அதை ஏட்டிலிருந்து இறக்கிப் பயன்படுத்துவது எமது கடமை.

கண்டவர் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலில் விழுந்தவனைப் பாருங்கள், 1990க்கு அழையுங்கள். வண்டியின் இலக்கம் முழுதும் தெரியாவிட்டால் கடைசி இரண்டு எண்களேனும் மனத்தில் இருத்துங்கள். நிறம், பாரம், போன திசை, நேரம் இவற்றை உடனே ஒரு தாளில் குறியுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டையும் சில்லுத் தடத்தையும் கலைக்காமல் காத்திருங்கள். இறந்தவரின் கையடக்கத் தொலைபேசியையும் உடையையும் பத்திரமாக ஒப்படையுங்கள். திடீர் மரண விசாரணையில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். கேட்டதைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். மிகைப்படுத்திய சாட்சி மெய்யான வழக்கையும் கவிழ்த்துவிடும்.

இறுதியாக எமது கோரிக்கைகள். பாரவண்டிகள் செல்லும் சந்திகளிலும் கரையோரக் கிராமங்களிலும் வீதிவிளக்கு எரிய வேண்டும். ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவுபகல் தமிழில் முறைப்பாடு எழுதும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். எந்த வண்டியை எந்த நேரத்தில் எவர் ஓட்டினார் என்ற பதிவேட்டை வண்டி உரிமையாளர்கள் வைத்திருந்து, கேட்டவுடன் காட்ட வேண்டும். உறக்கமில்லா ஓட்டத்துக்கு ஆணையிடும் முதலாளியும் விடை சொல்ல வேண்டும். அறிவிக்காமல் ஓடுபவனுக்குத் தண்டனை கடுமையாகட்டும். நின்று அறிவிப்பவனுக்குச் சட்டம் வெளிப்படையான பாதுகாப்பும் தரட்டும். பாதுகாப்பின்றித் தண்டனையை மட்டும் கூட்டினால் என்ன நேரும் என்பதை இந்தியா எமக்குக் காட்டிவிட்டது.

மோதியபின் வேறு ஊருக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பழுதுபார்க்கப்படும் வண்டியைத் தேடிப்பிடிக்க எந்த அரசாங்கத்தாலும் தனியே முடியாது. வண்டி ஓடும் வழியெங்கும் மனிதர் இருக்கிறார்கள். தேநீர்க்கடையில் இருப்பவர், எண்ணெய் நிரப்புபவர், பாலத்தடியில் வலை உலர்த்துபவர், கராச்சில் ஆணி முடுக்குபவர் எல்லோரும் கண்ணுடையோரே. அவர்கள் கண்டதைக் கண்டபடி சொல்லும் நாளில் இத்துறைமுகத்து வீதிகளில் ஓடி ஒளிய இடமிராது. அடுத்த வாரம் முதல் கிராமந்தோறும் இருவர் வீதம் பெயர் கொடுங்கள். வாக்குமூலம் எழுதவும், காப்புறுதி விபரம் தேடவும், இரண்டாண்டுக் கெடுவை நினைவூட்டவும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்க எமது சட்டத்தரணிகள் கூலியின்றி வருவார்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோர் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசைக்கு வாருங்கள்.